பல்கலைக்கழகத்தின் பெயரும் படித்தவரின் வாழ்வும்

(ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து கவுன்சலிங் முடியும் வரை நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம், எது பெரியது? பெரியப்பா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு இன்ஜினீயர் ஒன்று சொல்வார், டியூஷன் வாத்தியார் வேறொன்று சொல்வார். இப்படிக் கேட்கிறவர் மனத்தில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாலு பேர் மத்தியில் எந்தப் பெயருக்கு மதிப்பு என்பது ஒன்று. அங்கே படித்து வெளியே வந்தால் என் பிள்ளை என்ன ஆவாள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றே என்று நாம் நம்பிவிடுகிறோம். நம் வரிப்பணத்தில் நடக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பெயர் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கப்பட்டது. கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் பிறந்தவை. மூன்றுக்கும் லண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி. அதாவது, அன்றைக்கு அங்கே வகுப்பறை கிடையாது, பாடம் நடத்தும் பேராசிரியர் கிடையாது. தேர்வு நடத்துவது, பட்டம் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. பாடம் நடந்ததெல்லாம் மாநிலக் கல்லூரியிலும் கிறித்துவக் கல்லூரியிலும் வெளியூர்க் கல்லூரிகளிலும்தான். சர் சி.வி. ராமன் படித்தது மாநிலக் கல்லூரியில். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் படித்ததும் அங்கேதான். ராதாகிருஷ்ணன் கிறித்துவக் கல்லூரி மாணவர். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குப் பெருமை சேர்த்தவை கல்லூரிகள். அவற்றிலும் சில ஆசிரியர்கள், சில மாணவர்கள்.

ராமானுஜன் கதை இதைவிடக் கூர்மையானது. எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர் அவர். பட்டம் இல்லாத அவருக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிக்கும் செயல் அதுதான். தேர்வு நடத்துவதற்கென்றே பிறந்த ஒரு நிறுவனம், தன் தேர்வில் தோற்றவரைக் கைவிடாமல் நின்றது.

கிண்டிக்கு வருவோம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது, பின்னாளில் பொறியியல் கல்லூரியானது. 1978-இல் கிண்டிக் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக் கலைப் பள்ளி ஆகியவற்றைச் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தது. இன்றும் பொறியியல் கவுன்சலிங்கில் கிண்டியின் குறியீட்டு எண் 1. சாய்ஸ் ஃபில்லிங் செய்ய உட்காரும் பிள்ளை முதலில் தட்டுவது பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. அந்த 200-ஐ ஒட்டி நிற்கும் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே கிண்டிக்கும் குரோம்பேட்டைக்கும் போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு பெற்றோர் போன ஆண்டின் கட்-ஆஃபைப் பார்க்கிறார்கள். உயரமாக இருக்கிறது, ஆகவே நல்ல கல்லூரி என்று முடிவு செய்கிறார்கள். மறுபடி அதே உயரத்தில் இருக்கும் பிள்ளைகள் அங்கேயே போகிறார்கள். கம்பெனிக்காரர்களும் அந்தப் பிள்ளைகளைத் தேடித்தான் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அங்கே வருகிறார்கள். நான்காண்டு கழித்துக் கிடைக்கும் நல்ல வேலையில் எவ்வளவு அந்தக் கல்லூரி கற்பித்ததால் வந்தது, எவ்வளவு அந்தப் பிள்ளை உள்ளே நுழையும்போதே கொண்டுவந்தது? கட்-ஆஃப் இதற்குப் பதில் சொல்லாது. அது உள்ளே போனவர் யார் என்று மட்டும் சொல்லும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரிகள் நான்கு. அதனுடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளோ நூற்றுக்கணக்கில். சிற்றூர் ஒன்றில் புறவழிச் சாலையோரம் இருக்கும் தனியார் கல்லூரியில் படித்தவரும் 'அண்ணா யுனிவர்சிட்டி' என்றுதான் சொல்கிறார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் வளாகத்துக்குப் பாடத்திட்டம் வேறு, இணைப்புக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வேறு. கலை, அறிவியல் படிப்புகளிலும் இதே நிலைதான். ஒரு பல்கலைக்கழகத்தின் துறைகளில் நேரடியாகப் படிப்பவர்கள் சிலர். அதன் பெயரில் பட்டம் வாங்குபவர்கள் மிகப் பலர். அந்தப் பெயரை வைத்துப் பேசும்போது நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சரி, அதற்குத்தான் தரவரிசைப் பட்டியல் இருக்கிறதே என்பீர்கள். மத்திய அரசின் தேசியத் தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. 2024-இல் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென்றே தனிப்பிரிவு வந்தது. அந்த ஆண்டு அதில் முதலிடம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. நமக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெற்றோரின் நிலைக்கு 20, எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, கல்வியாளர்களும் வேலை கொடுப்போரும் வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு 10. பட்டம் பெற்றோரின் நிலைக்கு 20 என்றதும், யார் யாருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளம் என்று பார்த்திருப்பார்கள் என்று நினைப்போம். பொறியியல் பிரிவில் அப்படித்தான் பார்க்கிறார்கள். பல்கலைக்கழகப் பிரிவில் அந்தப் பகுதியை நிரப்புவது இரண்டே விஷயங்கள். உரிய காலத்துக்குள் தேறியவர்கள் எத்தனை பேர், முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர். வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

உலகத் தரவரிசைகளில் நிலைமை இன்னும் ஒருபடி மேல். கியூ.எஸ். பட்டியலில் கல்வியாளரிடமும் வேலை கொடுப்போரிடமும் கருத்துக் கேட்டுப் போடும் மதிப்பெண் மட்டும் நூற்றுக்கு 45. கிட்டத்தட்டப் பாதி. பெயர் இருப்பதால் மதிப்பெண், மதிப்பெண் இருப்பதால் பெயர் என்று அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. காரைக்குடியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி எடின்பரோவில் இருக்கும் பேராசிரியருக்கு என்ன அபிப்பிராயம் இருக்க முடியும்?

ஆனால் தேசியத் தரவரிசையில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது, அதை நம்மில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த விவரத் தாள் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் கிடைக்கிறது. வீட்டுக்குப் போனதும் ஒன்றைத் திறந்து பாருங்கள். மூன்றாண்டு இளநிலை, நான்காண்டு இளநிலை, ஈராண்டு முதுநிலை என்று தனித்தனி அட்டவணை இருக்கும். முதலாண்டில் இத்தனை இடம், சேர்ந்தவர் இத்தனை பேர், உரிய காலத்தில் முடித்தவர் இத்தனை பேர், வேலை பெற்றவர் இத்தனை பேர், அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் இவ்வளவு, மேற்படிப்புக்குத் தேர்வானவர் இத்தனை பேர் என்று ஒரே வரிசையில் ஓடும்.

அந்த வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தால்தான் கதை புரியும். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு படிப்பில் 100 பேர் சேர்ந்தார்கள். 65 பேர் உரிய காலத்தில் முடித்தார்கள். அவர்களில் 25 பேருக்கு வேலை, 20 பேருக்கு மேற்படிப்பு. இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 3 லட்சம் என்று போட்டிருக்கிறது. இந்த 3 லட்சம் யாருடைய சம்பளம்? நூறு பேருடையதும் அல்ல, 65 பேருடையதும் அல்ல. வேலை பெற்ற அந்த 25 பேரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய சம்பளம். மீதி 20 பேர் எங்கே போனார்கள்? டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார்களா, கல்யாணம் ஆகி வேறு ஊர் போய்விட்டார்களா, அப்பாவின் கடையில் உட்கார்ந்திருக்கிறார்களா? அரியர் வைத்தும் பாதியில் நின்றும் போன அந்த 35 பேர் யார்? அவர்களுக்கென்று அந்தத் தாளில் கட்டமே கிடையாது. என் கவலையெல்லாம் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான். ஏனென்றால் அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் முதன்முதலாகக் கால்வைத்த குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் தொலைந்துபோவது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். எண்ணிப் பார்த்தால்தானே உறுதியாகச் சொல்ல முடியும்? எண்ணுவோர் இல்லை.

இனி, பெயருக்கு உண்மையிலேயே பலன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைப் பொருளியல் அறிஞர்கள் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இருவர் 2002-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய பெயருள்ள கல்லூரியில் இடம் கிடைத்தும் அங்கே சேராமல், பெயர் குறைந்த கல்லூரியில் சேர்ந்த மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பெரிய கல்லூரியில் சேர்ந்தவர்களோடு, பல ஆண்டுகள் கழித்து, சம்பளத்தை ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. திறமை அந்தப் பிள்ளையிடம் இருந்தது, எங்கே போனாலும் அது கூடவே போனது. ஆனால் ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் இந்த முடிவு பொருந்தவில்லை. அவர்களுக்குப் பெரிய கல்லூரி உண்மையாகவே பலன் கொடுத்தது. படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று அவர்களே பின்னால் செய்த ஆய்வும் சொன்னது.

அரசுப் பல்கலைக்கழகத்தைப் பற்றியே நேராகப் பேசும் சான்று டெக்சஸிலிருந்து வருகிறது. 1997-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. மாநிலத்தின் எந்தப் பள்ளியில் படித்தாலும், அந்தப் பள்ளியின் முதல் பத்து சதவீத மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. இதனால், முன்பு ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பெரும் வளாகத்தை எட்டிப்பார்க்காத பள்ளிகளிலிருந்து மாணவர்கள் உள்ளே வந்தார்கள். வசதியான பள்ளிகளின் அடுத்த தட்டு மாணவர்கள் சிலர் வெளியே போனார்கள். பின்னாளில் சாண்ட்ரா பிளாக்கும் அவர் குழுவினரும் இரு சாராரையும் தொடர்ந்து பார்த்தார்கள். உள்ளே வந்தவர்கள் அதிக அளவில் பட்டம் பெற்றார்கள். வருமானமும் கூடியதற்கான அறிகுறி இருந்தது. வெளியே போனவர்களுக்கோ சொல்லும்படியான நட்டம் எதுவும் இல்லை. வேறு கல்லூரிக்குப் போய் அவர்கள் நன்றாகவே படித்து முடித்தார்கள்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. ஷீத்தல் சேக்ரி என்ற பொருளியல் அறிஞர் இந்தியாவில் பெயர்பெற்ற அரசுக் கல்லூரிகளை எடுத்துக்கொண்டார். கட்-ஆஃபுக்கு ஒரு மயிரிழை மேலே இருந்ததால் உள்ளே போனவர்களையும், மயிரிழை கீழே இருந்ததால் தனியார் கல்லூரிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார். இறுதித் தேர்வு மதிப்பெண்ணில் இருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. சம்பளத்தில் தெரிந்தது. உள்ளே போனவருக்கே கூடுதல். அறிவில் கூடாமல் சம்பளத்தில் கூடியிருக்கிறதென்றால், அந்தக் கூடுதல் பெயருக்குக் கிடைத்த விலை. 2020-இல் வெளியான ஆய்வு இது.

இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். 'பெயரெல்லாம் மாயை, எங்கே படித்தாலும் ஒன்றுதான்' என்று மேடையில் சொல்வது சுலபம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய உண்மையும்கூட. அவனுக்கு மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், பெங்களூரில் ஒரு போன் போட்டால் வேலைக்கு வழி சொல்ல ஆள் இருக்கிறது. கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பெண்ணுக்கு அந்தப் போனுக்குப் பதிலாக இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான். ஆகவே பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகத்தின் ஓர் இடம் யாருக்குப் போகிறது என்பது வெறும் தகுதிக் கணக்கு அல்ல. ஒரே இடம் ஒருவரின் வாழ்க்கையைப் புரட்டிப் போடுகிறது, இன்னொருவரின் வாழ்க்கையை அசைப்பதுகூட இல்லை. தமிழ்நாட்டில் 2007-இல் நுழைவுத் தேர்வை நீக்கியதும், 2021-இல் அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கியதும், முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்ததும் இந்தக் காரணத்தால் முழுக்க நியாயமானவை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இப்போது மறுபக்கம். எல்லோரும் கிண்டிக்குப் போக முடியாது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் உயர்கல்வி வயதினரில் கல்லூரியில் சேர்ந்தோர் விகிதம் இந்தியாவில் 28.4. தமிழ்நாட்டில் 47. இந்த உயரத்தை நமக்கு வாங்கிக் கொடுத்தவை பெயர்பெற்ற இரண்டு மூன்று வளாகங்கள் அல்ல. 1966-இல் மதுரை, 1982-இல் கோவையும் திருச்சியும், 1984-இல் கொடைக்கானல் மகளிர் பல்கலைக்கழகம், 1985-இல் காரைக்குடி, 1990-இல் திருநெல்வேலி, 1997-இல் சேலம், 2002-இல் வேலூர் என்று ஊர் ஊராகப் பரவிய பல்கலைக்கழகங்களும், அவற்றோடு இணைந்த அரசுக் கலைக் கல்லூரிகளும்தான். பஸ் பாஸ் எடுத்துக்கொண்டு காலை ஷிப்டுக்கு வந்து, மதியத்துக்கு மேல் ஜவுளிக் கடையில் நிற்கும் பையன்கள் படிக்கும் கல்லூரிகள் அவை. அவற்றை எந்த அளவுகோலால் அளப்பது?

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல், பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2017-இல் அமெரிக்காவுக்குச் செய்தது. கல்லூரி வாரியாக ஒரு கேள்வி கேட்டார்கள். அங்கே படித்த நூறு பேரில் எத்தனை பேர் வருமானத்தின் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கில் பிறந்து, மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கை எட்டினார்கள்? ஹார்வர்டு, யேல் வரிசைக் கல்லூரிகளில் சராசரியாக இரண்டு பேருக்குச் சற்று மேல். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழப் பத்துப் பேர். அதே மாநிலத்தின் பெர்க்லி வளாகத்தைத் தெரிந்தவர் உலகமெங்கும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கலிபோர்னியாவுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அந்த மாநிலம் 1960-இலேயே தன் உயர்கல்வியைத் தட்டுத் தட்டாகப் பிரித்தது. பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் பெர்க்லி போன்ற வளாகங்களுக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு. அந்த இரண்டாம் தட்டுப் பல்கலைக்கழகம்தான் ஏழைப் பிள்ளையை மேலே ஏற்றிவிடும் கணக்கில் நாட்டிலேயே முன்னணியில் நின்றது.

நம் சேலத்துக்கும் வேலூருக்கும் இப்படி ஒரு கணக்கு எடுத்தால் என்ன வரும்? எடுக்கவே இல்லை. எடுத்தால், பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும் சில கல்லூரிகள் தலைநிமிர்ந்து நிற்கும் என்பது என் நம்பிக்கை. சில கல்லூரிகளின் வேஷம் கலையவும் செய்யும்.

பெயரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக ஒரு தரம் இருப்பதில்லை. துறைக்குத்தான் தரம் உண்டு. ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் கொல்லாஜன் புரதத்தின் அமைப்பை விளக்கினார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட வரைபடத்தைப் புரதம் படிக்கும் மாணவர்கள் இன்றும் உலகமெங்கும் பார்க்கிறார்கள். ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் துறையில் நடந்த வேலை இது. கடல் உயிரியல் என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை. உயிரியல் என்றால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு காலத்தில் நாடெங்கும் பெயர். நெல் என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகம். இந்தத் துறைகள் எல்லாம் எப்படி எழுந்தன? நல்ல ஆசிரியரைத் தேடிக் கொண்டுவந்தார்கள், ஆய்வுக்கூடம் கொடுத்தார்கள், பத்தாண்டு தொந்தரவு செய்யாமல் விட்டார்கள். எப்படிச் சரிகின்றன என்பதும் நமக்குத் தெரியும். பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். இடம் நிரப்பப்படுவதில்லை. மறு ஆண்டு இன்னொருவர் போகிறார். பத்துப் பேர் இருந்த துறையில் மூன்று பேர், கூடவே கௌரவ விரிவுரையாளர்கள். அந்த விரிவுரையாளர்கள் முனைவர் பட்டம் வாங்கியவர்கள், நன்றாகப் பாடம் நடத்துபவர்கள். ஆனால் அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாதவர் ஒரு மாணவனின் மூன்றாண்டுக்குப் பொறுப்பேற்பது எப்படி? பெயர் இருபது ஆண்டு தாங்கும். துறை ஐந்தே ஆண்டில் விழுந்துவிடும். இடைப்பட்ட பதினைந்து ஆண்டில் அந்தப் பெயரை நம்பிச் சேரும் பிள்ளைகள்தான் ஏமாறுகிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை சேர்க்கைக்குப் போகும்போது பல்கலைக்கழகத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். என் பிள்ளை சேரப்போகும் இந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள்? தமிழ் வழியில் வந்தவர்களுக்கு முதல் பருவத்தில் என்ன உதவி செய்கிறீர்கள்? துறைத் தலைவரிடம் நேரில் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் உங்கள் பணத்தில் நடக்கிறது. முடிந்தால் போன ஆண்டு முடித்த இரண்டு மாணவர்களைத் தேடிப் பேசுங்கள். விளம்பரத் தட்டியில் படம் போட்டிருக்கும் முதலிடக்காரரை விட்டுவிட்டு, நடுவில் நின்ற மாணவரைத் தேடுங்கள்.

துணைவேந்தர்களுக்கும் உயர்கல்வித் துறைக்கும் என் வேண்டுகோள்கள் இரண்டு. சேர்ந்த ஒவ்வொரு மாணவரும் படிப்பு முடிந்து ஐந்தாண்டு கழித்து எங்கே இருக்கிறார் என்ற கணக்கைத் துறை வாரியாக வெளியிடுங்கள். முதல் பட்டதாரி, அரசுப் பள்ளி, தமிழ் வழி என்று தனித்தனியாக வெளியிடுங்கள். சேர்க்கையின்போது இந்த விவரமெல்லாம் நீங்கள் வாங்கி வைத்திருப்பவைதான். பாதியில் நின்றவரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடங்களை இந்தக் கல்வியாண்டிலேயே நிரப்பத் தொடங்குங்கள்.